ஐஸ்பெட்டிச் சோற்றின் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ராத்திரி மிஞ்சிய சோற்றை ஐஸ்பெட்டியில் வைத்துக் காலையில் எடுத்தால் ஒருநாள் கல், ஒருநாள் கூழ், ஒருநாள் என்னவோ ஒரு வாடை. பழி ஐஸ்பெட்டி மேல் விழும். ஆனால் பெரும்பாலான கோளாறுகள் சோறு பெட்டிக்குள் போகும் முன்பே, அடுப்படி மேடையில் கிடந்த நேரத்திலேயே நடந்து முடிந்துவிடுகின்றன.

கோலாலம்பூர் சமையலறையில் சோற்றை எத்தனை மணி நேரம் ஆற வைத்தாலும் 30 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். வெளியே பகலில் 32, 33. மேல்மாடி பிளாட்டில் மாலை வெயில் படும் அடுப்படி என்றால் அதற்கும் மேலே. "நல்லா ஆறட்டும், அப்புறம் உள்ளே வைப்போம்" என்பது குளிர்ந்த ஊருக்குப் பொருந்தும் பேச்சு. இங்கே மேடையில் ஆற வைப்பது முதல் 20 நிமிடத்துக்கு மட்டுமே உதவும். அதற்கு மேல் வைத்தால் சோறு ஆறாது, கிருமிக்குத்தான் கொண்டாட்டம்.

கோளாறைத் தேடும் முன் மூன்று விஷயத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: என்ன அரிசி, பாத்திரத்தில் எத்தனை சென்டிமீட்டர் ஆழம், அடுப்பு அணைந்ததிலிருந்து பெட்டிக்குள் போகும்வரை எத்தனை நிமிடம். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று கையில் இருந்தால் ஊகத்துக்கு வேலையில்லை. கேக் செய்யும் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பருக்கை விறைத்துக் கல்லாகிவிட்டது

பருக்கை உதிரியாகத்தான் இருக்கும். கடித்தால் நறநறவென்று இருக்கும், நடுவில் சுண்ணாம்பு வெள்ளை தெரியும். "காய்ந்துபோச்சு" என்போம். மூடிய டப்பாவில் இருந்த சோற்றை எடை போட்டுப் பாருங்கள், நேற்றைய எடைதான் இருக்கும். தண்ணீர் எங்கும் போகவில்லை. மாவுச்சத்துதான் இறுகியிருக்கிறது.

அரிசி வேகும்போது ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரிக்குள் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து ஊதி இளகிவிடும். ஆறும்போது அதன் இழைகள் திரும்ப ஒன்றோடொன்று சேர்ந்து அடுக்கிக்கொள்ளும். அமைலோஸ் என்ற பகுதி சில மணி நேரத்திலேயே இறுகும். அமைலோபெக்டின் நாள் கணக்கில் மெதுவாக இறுகும். இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, 0 முதல் 5 டிகிரிக்குள். ஐஸ்பெட்டி இருக்க வேண்டிய சூடும் சரியாக அதுதான். கிருமியை அடக்க 4 டிகிரி வேண்டும், பருக்கைக்கு அதே 4 டிகிரி ஆகாது. இதற்காகப் பெட்டியின் குளிரைக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. வேண்டாம். விறைத்த சோற்றை மீட்கலாம், ஊசிய சோற்றை மீட்க முடியாது.

மீட்பது இப்படி. 200 கிராம் சோற்றுக்கு, அதாவது ஒரு சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு, ஒரு மேசைக்கரண்டி தண்ணீரைப் பரவலாகத் தெளியுங்கள். ஓர் இடத்தில் ஊற்றினால் அங்கே கூழ், மற்ற இடத்தில் கல். மூடி போட்டு, ஓரம் சிறிது திறந்து, 800 வாட் மைக்ரோவேவில் ஒன்றரை நிமிடம். எடுத்து அடியிலிருந்து புரட்டி, இன்னும் அரை நிமிடம். பிறகு மூடியபடியே ஒரு நிமிடம் விடுங்கள். அந்த ஒரு நிமிடத்தில்தான் ஆவி பருக்கைக்குள் இறங்கும். நடுவில் குத்திப் பார்த்தால் 75 டிகிரி காட்ட வேண்டும். மைக்ரோவேவ் இல்லையென்றால் இட்லிச் சட்டியில் ஈரத்துணி விரித்து 8 முதல் 10 நிமிட ஆவி போதும். எங்களைக் கேட்டால் ருசிக்கு இதுதான் மேல்.

ரைஸ் குக்கரில் 'வார்ம்' பொத்தானை மட்டும் அழுத்திக் குளிர்ந்த சோற்றைச் சூடாக்குவது தப்பு. அது சூட்டைக் காக்கத்தான் செய்யப்பட்டது, ஏற்றுவதற்கு அல்ல. குளிர்ந்த சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பிலேயே கிடக்கும்.

இத்தனை செய்தும் வடித்த சோற்றின் மென்மை முழுசாகத் திரும்பாது. அமைலோபெக்டின் இறுக்கம் 60 டிகிரி தாண்டினால் இளகிவிடும், அமைலோஸ் இறுக்கம் 100 டிகிரிக்கும் இளகாது. அதனால் எந்த அரிசி என்பதுதான் பாதித் தீர்ப்பு. பொன்னி புழுங்கல் மிக அதிகம் விறைக்கும். நெல்லாக அவித்துக் காயவைக்கும்போதே ஒருமுறை இறுகிய அரிசி அது. பாஸ்மதியில் அமைலோஸ் 20 முதல் 25 விழுக்காடு, நடுத்தரம். தாய்லாந்து வாசனை அரிசியில் 20க்கும் கீழே, மறுநாளும் ஓரளவு மெதுவாகவே இருக்கும். புலுட் என்ற ஒட்டரிசியில் அமைலோஸ் ஏறத்தாழ இல்லை. வாரம் முழுக்க அலுவலகத்துக்குச் சோறு கட்டுபவர் பொன்னியில் பிடிவாதமாக இருந்தால், வைக்கும்போதே ஒரு கப் அரிசிக்கு 2 மேசைக்கரண்டி தண்ணீர் கூட ஊற்றி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடலாம். அமைலோஸ் இழையோடு எண்ணெய் ஒட்டிக்கொண்டு இறுக்கத்தைத் தாமதப்படுத்தும்.

நாசி கோரேங், அதாவது சட்டியில் பிரட்டிய சோறு, போடுகிறவருக்கு இந்த விறைப்பு கோளாறே இல்லை, அவர் கேட்பதே அதைத்தான். இறுகிய மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காமல் போவதால் சர்க்கரை வியாதிக்காரர்களும் இந்த இறுக்கத்தைத் தேடுகிறார்கள்: 2015இல் வெளியான ஓர் இந்தோனேசிய ஆய்வில், 100 கிராம் புதுச் சோற்றில் 0.64 கிராமாக இருந்த செரிக்காத மாவுச்சத்து, 4 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துத் திரும்பச் சூடாக்கியபின் 1.65 கிராம் ஆனது. ஏறியது உண்மை, ஆனால் 100 கிராமில் ஒரு கிராம்தான். அதை நம்பி இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளாதீர்கள்.

மேலே வறட்டி, அடியில் சொதசொதவென்று

மூடியைத் திறந்தால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். ஓரத்துப் பருக்கை ஊறிப் பிய்ந்திருக்கும், மேல்மட்டம் தோல் மாதிரி உலர்ந்திருக்கும், அடி சேறு. இது ஆவியின் வேலை.

ஒரு கிலோ சோறு 95 டிகிரியிலிருந்து 60க்கு இறங்கும்போது, அந்தச் சூடு முழுதும் ஆவியாகவே வெளியேறினால் ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் தண்ணீர் போகும். சூடாக டப்பாவில் அடைத்து இறுக்கி மூடினால் அது அத்தனையும் மூடியில் பட்டுத் திரும்பச் சோற்றின் தலையில் சொட்டும். மூடாமல் வைத்தாலோ, இப்போதைய காற்றுச் சுழலும் பெட்டிகள் ஈரத்தை உறிஞ்சி மேல்மட்டத்தை வறட்டிவிடும். ஆக எவ்வளவு ஆவியை வெளியே விடுவது, எவ்வளவை உள்ளே நிறுத்துவது என்று முடிவு செய்யவேண்டும். அது சோற்றை நாளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே. குக்கர் அணைந்தபின் மூடியபடி 10 நிமிடம் புழுங்க விடுங்கள். அகப்பையை ஓரமாக விட்டு அடியிலிருந்து புரட்டி, அகலமான எவர்சில்வர் ட்ரேயில் 2 முதல் 3 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், சூட்டை விடாது. ஆழம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: ஆழத்தைப் பாதியாக்கினால் ஆறும் நேரம் கால்வாசியாகும். 10 சென்டிமீட்டர் குவியலின் நடு, பெட்டிக்குள்ளேயே மணிக்கணக்கில் சூடாகக் கிடக்கும். வெளிப்பக்கம் தொட்டால் சில்லென்று இருக்கும், நம்பிவிடாதீர்கள்.

சோறாகவே சாப்பிடுவதற்கு என்றால் பரப்பிய சோற்றை 5 நிமிடம் மட்டும் மேசைக் காற்றாடி முன் வையுங்கள். ஆவி கண்ணுக்குத் தெரிவது நின்றதும், ஏறக்குறைய 50, 60 டிகிரியில், 4 சென்டிமீட்டருக்கு மிகாத தட்டை டப்பாக்களில் அள்ளி, மூடியை ஒருபக்கம் திறந்தபடி பெட்டிக்குள் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மூடியை அழுத்துங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு டப்பாவை டப்பாவின் மேல் அடுக்கக் கூடாது, காற்று சுற்ற இடம் வேண்டும்.

பிரட்டுவதற்கு என்றால் காற்றாடி 15, 20 நிமிடம், நடுவில் இரண்டு தடவை புரட்டுதல். பிறகு ட்ரேயோடு மூடாமல் பெட்டியில் ஒரு மணி நேரம், அதன்பின் மூடி. பருக்கையின் மேல்தோல் உலர்ந்திருந்தால்தான் சட்டியின் சூடு தண்ணீரை விரட்டுவதில் வீணாகாமல் சோற்றைப் பொரிக்கும். இந்த வேலையை ராத்திரியே செய்திருந்தால் காலையில் நாசி கோரேங் கொழகொழக்காது. நேரமில்லை, இன்றைய சோறுதான் இருக்கிறது என்றால் இதே முறையில் ட்ரேயில் உலர்த்தி ஒரு மணி நேரம் குளிர்வித்தாலே பாதி வேலை முடிந்தது.

"சூடாக உள்ளே வைத்தால் ஐஸ்பெட்டி கெட்டுவிடும்" என்ற பயம் ஒன்று உண்டு. மூன்று கிலோ சோறு உள்ள குண்டானைக் கொதிக்கக் கொதிக்க வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் இறைச்சியும் சூடேறும், அது நிஜம். மெலிசான இரண்டு டப்பா வெதுவெதுப்பாகப் போனால் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது.

கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்கிறது

பையின் மேல் 5% என்று போட்டிருப்பது நொய்யின் அளவு. நொய் கூடினால் வேகும்போது வெளியேறும் கஞ்சி கூடும், அந்தக் கஞ்சிதான் ஆறியதும் பசை. தண்ணீர் தெளியும்வரை மூன்று, நான்கு தடவை கழுவுங்கள். வடித்த சோற்றில் இந்தத் தொல்லை குறைவு, கஞ்சி வடிகட்டியோடு போய்விடுகிறது.

கட்டியைச் சூடாக இருக்கும்போது கரண்டியால் நசுக்கினால் பருக்கை உடைந்து பசை இன்னும் கூடும். நன்றாகக் குளிர்ந்தபின், கையை நனைத்துக்கொண்டு விரலால் உதிருங்கள். விறைத்த பருக்கை முழுசாகப் பிரியும்.

வாடை, புளிப்பு, நூல்

சோறு ஊசிவிட்டதைச் சொல்ல நமக்கு மூக்கே போதும். ஊசியதை மலாயில் 'பாசி' என்பார்கள்; நம் குளத்துப் பாசி வேறு என்றாலும் வழுவழுப்பில் இரண்டும் உறவுதான். கரண்டியில் எடுத்தால் நூல் விடுகிறது, பிசுபிசுக்கிறது, புளித்த அல்லது பழத்தன்மையான மணம் வருகிறது, மஞ்சள், ஆரஞ்சு, சாம்பல் புள்ளி தெரிகிறது: இதில் எது இருந்தாலும் முழு டப்பாவும் குப்பைக்கு. மேலே எடுத்துவிட்டுக் கீழே சாப்பிடுவது, கழுவித் தாளிப்பது எதுவும் வேண்டாம்.

மூக்குக்குத் தெரியாத ஆபத்துதான் பெரிது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி மண்ணிலிருந்தே அரிசியோடு வருவது. அதன் உறைவித்து (ஸ்போர்) கொதிநீரிலும் சாகாது. வெந்த சோறு 50 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அது முளைக்கும், 30 முதல் 37 டிகிரியில் மிக வேகமாகப் பெருகும். கோலாலம்பூர் அடுப்படிச் சூடு அதற்கென்றே அமைத்ததுபோல் இருக்கிறது. பெருகியபின் அது விடும் செரியுலைட் என்ற நஞ்சு 121 டிகிரிச் சூட்டையும் தாங்கும். ஆகவே "நல்லாக் கொதிக்க வைச்சுட்டேன்" என்பது சமாதானம் ஆகாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அந்த நஞ்சு. 6 முதல் 15 மணி கழித்து வயிற்றுப்போக்கு என்றால் அதே கிருமியின் இன்னொரு வகை.

அமெரிக்க உணவு விதித்தொகுப்பு உணவகங்களுக்குச் சொல்லும் கணக்கு: 57 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள், 21லிருந்து 5க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள். முதல் படியைக் கவனியுங்கள். நம் ஊரில் மேடையில் வைத்து 21 டிகிரியை எட்டவே முடியாது. அந்தப் படியை ஐஸ்பெட்டியோ ஐஸ்கட்டியோதான் கடக்க வைக்கும். பிரிட்டனின் உணவுத் தர முகமை இன்னும் கறார்: ஒரு மணி நேரத்துக்குள் குளிர்வித்து, ஒரு நாளுக்குள் சாப்பிடச் சொல்கிறது. குழந்தை, வயதானவர், கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அந்த ஒரு நாளையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சூடாக்கிய சோற்றைத் திரும்பப் பெட்டியில் வைக்காதீர்கள். சாப்பிடும் அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள்.

மதியம் தாப்பாவ் செய்த, அதாவது பொட்டலம் கட்டி வாங்கிய, வாழையிலைக் கடைச் சோறு காரில் சுற்றி, அலுவலக மேசையில் இருந்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அதன் நேரக் கணக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. பெட்டியில் வைப்பது கடிகாரத்தைப் பின்னால் திருப்பாது.

பழைய சோறு இதில் எங்கே வருகிறது என்று கேட்பார்கள். தண்ணீரில் ஊறும் சோற்றில் லாக்டிக் அமிலக் கிருமிகள் வளர்ந்து புளிப்பேற்றும், அந்தப் புளிப்பு மற்றக் கிருமியை அடக்கும். அதற்குச் சோற்றைச் சீக்கிரம் ஆற்றி, சுத்தமான பாத்திரத்தில், சுத்தமான தண்ணீரில் மூழ்க வைக்க வேண்டும். ஐஸ்பெட்டியில் ஊற வைத்தால் புளிப்பு ஏறாது, வெறும் நனைந்த சோறுதான். பகலெல்லாம் வெளியே கிடந்ததில் ராத்திரி தண்ணீர் ஊற்றுவதும் பழைய சோறு ஆகாது. அது ஊசப்போகும் சோற்றுக்குக் குளியல்.

கொழுப்பும் பாலும் சேர்ந்த சோறு

தேங்காய்ப்பாலில் வேகும் நாசி லெமாக் சோறு குளிர்ந்தால் வெள்ளைத் திட்டாகக் கட்டிக்கும். அது கெட்டதன் அடையாளம் இல்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைவதுதான். சூடாக்கும் முன் கிளறாதீர்கள், முதலில் ஆவியில் இளகட்டும். ஆனால் தேங்காய்ப்பால் சேர்ந்தது வெள்ளைச் சோற்றைவிடச் சீக்கிரம் ஊசும், மறுநாளைத் தாண்ட விடாதீர்கள். பாண்டான் (ரம்பை) இலை மணமும் பாதி போயிருக்கும். சூடாக்கும்போது புது இலை ஒன்றை முடிந்து போட்டால் கொஞ்சம் திரும்பும்.

பிரியாணியில் ஏமாற்றுவது இறைச்சித் துண்டு. சோறு ஆறினாலும் எலும்போடு உள்ள துண்டின் நடு சூடாகவே இருந்து பக்கத்துச் சோற்றையும் வெதுவெதுப்பில் வைத்திருக்கும். துண்டுகளைப் பிரித்துத் தனி டப்பாவில் போடுங்கள்.

தயிர் சோறு பெட்டியில் கெட்டியாவது சகஜம். பிசையும்போதே வேண்டியதைவிடத் தளர்வாகப் பிசைந்து, எடுத்தபின் இரண்டு கரண்டி பால் சேருங்கள்.

சோறு டுரியான் மணக்கிறது

டுரியான் பருவத்தில் இது தவிர்க்க முடியாதது. மணம் கொழுப்பில் ஒட்டும், அதனால் நெய்ச்சோறுதான் முதலில் மாட்டும். சோற்றைக் கண்ணாடி டப்பாவில் இறுக்கி மூடுங்கள். பெலாச்சான் என்ற இறால் விழுதையும் டுரியானையும் தனித்தனியாக அடைத்து வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா ஒருமுறை மணம் பிடித்தால் எத்தனை கழுவினாலும் விடாது.

மூன்று நாளுக்கு வேண்டும் என்றால்

ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டை மறந்து நேரே ஃப்ரீசருக்குப் போங்கள். மைனஸ் 18 டிகிரியில் மாவுச்சத்தின் இறுக்கம் நின்றுவிடும். 0 முதல் 5 டிகிரிப் பள்ளத்தைச் சோறு எவ்வளவு வேகமாகத் தாண்டுகிறதோ அவ்வளவு மென்மை மிஞ்சும். ஆவி அடங்கியதும் 200 கிராம் பொட்டலமாக, 2 சென்டிமீட்டர் தட்டையாக மடித்து, அடுக்காமல் பரப்பி உறைய வையுங்கள். உறைந்தபின் அடுக்கலாம். ஒரு மாதத்துக்கு ருசி நிற்கும்.

இங்கே பலரும் சறுக்குவது எடுக்கும்போது. ராத்திரியே கீழ்த்தட்டுக்கு இறக்கி இளக வைத்தால், தப்பித்த அந்தப் பள்ளத்திலேயே எட்டு மணி நேரம் சோற்றைப் போட்டதாகிவிடும். உறைந்த கட்டியை அப்படியே மைக்ரோவேவில் இரண்டரை முதல் மூன்று நிமிடம் வையுங்கள், நடுவில் ஒருமுறை உடைத்துப் புரட்டுங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டியதுகூட இல்லை.

அண்டா அளவில் மிஞ்சியது

அன்னதானத்தில், கல்யாணத்தில் மிஞ்சிய 20 கிலோவை வீட்டு ஐஸ்பெட்டி காப்பாற்றாது. அண்டாவோடு மூடி வைத்தால் மறுநாள் காலையிலும் நடு சூடாகத்தான் இருக்கும். இரண்டே வழி. பரிமாறி முடியும்வரை 60 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்து அன்றே கொடுத்துத் தீர்ப்பது. அல்லது அடுப்பிலிருந்து இறக்கியதுமே ட்ரேக்களில் 3 சென்டிமீட்டருக்குப் பரப்பி, காற்றாடி போட்டு, அடியில் ஐஸ்கட்டி நிரப்பிய பெரிய ட்ரே வைத்து, பிறகு உணவகத்தின் பெரிய குளிர்பெட்டிக்கு (சில்லர்) அனுப்புவது. ஐஸ்கட்டியைச் சோற்றுக்குள் போடுவதையும் பார்க்கிறோம். கூழாகும், குடிக்கத் தகாத ஐஸாக இருந்தால் புதுக் கிருமியும் வரும். மூன்றாவது வழி, குறைத்துச் சமைப்பது, சமையல் தொடங்கும் முன் மட்டுமே கைவசம் இருந்தது.

எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டாம் நாளே வாடை

இப்போதுதான் ஐஸ்பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் ஊற்றி நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் கதவைத் திறந்ததும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். 5க்கு மேல் காட்டினால் குளிரைக் கூட்டுங்கள். சோறு கதவுத்தட்டில் இருக்கவே கூடாது, பெட்டியில் அதிகம் சூடேறும் இடம் அது. பின்சுவரில் காற்று வரும் துளையைப் பைகள் அடைத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கூட்டியும் இறங்கவில்லை என்றால் கதவு ரப்பர். ஒரு நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடிப்பில்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்திருக்கிறது. 1 ரிங்கிட், 5 ரிங்கிட் பிளாஸ்டிக் நோட்டு நல்ல ரப்பரிலும் வழுக்கும், 10 ரிங்கிட் காகித நோட்டால் பாருங்கள். நான்கு பக்கமும், முக்கியமாகக் கீழ் மூலைகளில். அழுக்குப் படிந்த ரப்பர் என்றால் வெந்நீரும் சோப்பும் போட்டுத் துடைத்தாலே பிடித்துக்கொள்ளும். வெடித்திருந்தால் மாற்றவேண்டும், மாற்றும்வரை சோறு ஃப்ரீசரில் இருக்கட்டும்.